ஏப்ரல் மேகமும் தகரக் கொட்டகையும்

கட்டடப் பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் காற்று வரைபடம் ஒன்று உண்டு. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. ஐம்பது ஆண்டுகளில் ஒருமுறை ஓர் ஊரில் எவ்வளவு வேகமாகக் காற்று வீசக்கூடும் என்று கணக்கிட்டு, நாட்டை ஆறு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர். புவனேஸ்வரத்துக்கும் அதே 50. பெங்களூருக்கு 33. அந்தப் பட்டியலில் இதற்குக் கீழே வேறு எண் இல்லை. கடலிலிருந்து தள்ளி, கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிற ஊர். வங்கக் கடல் புயல்கள் இங்கே வருவதற்குள் வெறும் மழையாகிவிடுகின்றன.

ஆனாலும் நொடிக்கு 33 மீட்டர் என்றால் மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். தொட்டபள்ளாபுரா, தேவனஹள்ளி, ஹொசகோட்டே, ஆனேக்கல் பக்கம் நாலு மாடும் பத்து ஆடும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேகம் எப்போது வரும் என்று தெரியும். ஏப்ரல், மே மாதங்களில், வெயில் கொளுத்திய ஒரு நாளின் மாலை நேரம். கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். கொட்டகையின் தகரம் பக்கத்து மல்பெரித் தோட்டத்தில் கிடக்கும். வாழை சாய்ந்திருக்கும். அதை யாராவது கைபேசியில் படம் பிடித்திருந்தால், ‘டொர்னேடோ’ என்ற தலைப்போடு இரவுக்குள் ஊர் சுற்றிவிடும்.

அது டொர்னேடோதானா? பெரும்பாலும் இல்லை. இந்த வேறுபாடு வானிலை ஆய்வாளர்களின் பொழுதுபோக்கு விவாதம் மட்டுமல்ல; மாடு வைத்திருப்பவர் தன் கொட்டகையில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதே இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

உண்மையான டொர்னேடோ இந்தியாவுக்குப் புதிதல்ல. 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில், மைனாகுரி பக்கம் வீசிய சுழல்காற்று சில நிமிடங்களில் வீடுகளைத் தரைமட்டமாக்கியது. ஐந்து பேர் இறந்தார்கள். அதற்குச் சரியாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 2009 மார்ச் 31 அன்று, ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்து ராஜ்கனிகாவை ஒரு டொர்னேடோ கிழித்துப்போட்டது. உலகிலேயே அதிக உயிர்களைக் குடித்ததாகப் பதிவான டொர்னேடோ அமெரிக்காவில் வீசியதல்ல. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளைத் தாக்கியதுதான் அது; இறந்தவர்கள் சுமார் 1,300 பேர்.

கவனியுங்கள், எல்லாமே வங்கக் கடலின் தலைமாட்டில் நடந்தவை, எல்லாமே மார்ச், ஏப்ரலில் நடந்தவை. அங்கே கோடைத் தொடக்கத்தில் கடலிலிருந்து ஈரக்காற்று தாழ்வாக உள்ளே வருகிறது. அதன் தலைக்கு மேல் சோட்டா நாக்பூர் பீடபூமியிலிருந்து வறண்ட சூட்டுக்காற்று மூடி போடுகிறது. இன்னும் மேலே, குளிர்காலம் விட்டுச்சென்ற வேகமான மேற்குக் காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. தரையில் ஒரு திசை, ஆறு கிலோமீட்டர் உயரத்தில் வேறு திசை, வேறு வேகம். இந்த முரண்தான் காற்றை முதலில் கிடைமட்டமாக உருட்டுகிறது. மேலே எழும் மேகம் அந்த உருளையை நிமிர்த்தினால், மேகமே சுழலத் தொடங்கும். அப்படிச் சுழலும் மேகங்களில் சிலவற்றிலிருந்துதான் பெரிய டொர்னேடோ இறங்குகிறது.

தென்னிந்தியாவில் இந்தக் கடைசிச் சரக்கு இல்லை. ஏப்ரல், மேயில் நம் தலைக்கு மேல் உயர்மட்டக் காற்று சோம்பலாகத்தான் நகரும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு டொர்னேடோ இல்லை என்று சிலர் சொல்வார்கள். அந்த விளக்கம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமான கடற்புயலுக்குப் பொருந்தும். சில நூறு மீட்டர் அகலமும் சில நிமிட ஆயுளும் உள்ள சுழலைப் பூமியின் சுழற்சி நேரடியாக இயக்குவதில்லை. இங்கே குறைவது மேலடுக்குக் காற்றின் வேகம். அதற்காகத் தெற்கில் டொர்னேடோ வரவே வராது என்று எழுதிக் கொடுத்துவிட முடியாது. இரண்டு காற்றுகள் மோதும் கோட்டில் பிறக்கும் சிறு சுழலை, அதன் மேலே வளரும் மேகம் இழுத்து நீட்டி ஒரு மெல்லிய தூணாக்குவது உண்டு. அது அரிது, பெரும்பாலும் வலுவும் குறைவு.

பெங்களூரின் கோடைக் காற்று வேறு வழியில் பிறக்கிறது.

ஏப்ரல் மாதத்து வானிலை அறிக்கைகளில் அடிக்கடி ஒரு வரி வரும்: மகாராஷ்டிரத்தின் உட்பகுதியிலிருந்து உள் கர்நாடகம் வழியாகத் தமிழகம் வரை ஒரு காற்றுத் தொடர்ச்சியின்மை நிலவுகிறது என்று. அரபிக் கடலின் காற்றும் வங்கக் கடலின் காற்றும் சந்திக்கும் எல்லைக்கோடு அது. அந்தக் கோட்டில், மதியம் சூடேறிய தக்காண மண்ணின் மேல், மேகங்கள் மளமளவென்று எழும். 12 கிலோமீட்டர், சில நாள் 15 கிலோமீட்டர் உயரத்துக்கு. ஆனால் அவற்றின் அடிப்பாகம் தரையிலிருந்து வெகு உயரத்தில் இருக்கும். காற்றின் வெப்பம் 36 டிகிரி, பனிநிலை 18 டிகிரி என்று வையுங்கள். இரண்டுக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி இடைவெளிக்கும் மேக அடி சுமார் 125 மீட்டர் உயரும். 18 டிகிரிக்கு 2,250 மீட்டர். மழைத்துளி மேகத்தை விட்டபின் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வறண்ட காற்றின் ஊடே விழ வேண்டும்.

வழியிலேயே துளிகள் ஆவியாகின்றன. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஒரு கிலோ காற்று அதனால் 2.4 டிகிரி குளிர்கிறது. நாலு கிராம் ஆவியானால் பத்து டிகிரி. பத்து டிகிரி குளிர்ந்த காற்று அண்டைக் காற்றைவிட மூன்று சதவீதம் கனம். ஆலங்கட்டி உருகினால் இன்னும் குளிரும். இப்படிக் கனத்த காற்று மொத்தமாகக் கீழே விழுகிறது. மாடியிலிருந்து ஒரு குடம் தண்ணீரை முற்றத்தில் கவிழ்த்தால் எப்படி நாலாபக்கமும் பாயுமோ, அப்படித் தரையில் மோதிப் பரவுகிறது. டவுன்பர்ஸ்ட் என்பது இதுதான். நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கினால் மைக்ரோபர்ஸ்ட்.

இப்படி ஒன்று இருக்கிறது என்பதை உலகம் ஒப்புக்கொள்ளவே 1970கள் வரை ஆனது. அதைக் கண்டவர் டெட்சுயா ஃபுஜிடா. டொர்னேடோக்களின் வலுவை அளக்கும் எஃப் அளவுகோலுக்கும் அவர் பெயர்தான். 1945இல் குண்டு விழுந்த நாகசாகியை ஆய்வு செய்தபோது, வெடிப்புப் புள்ளியைச் சுற்றி எல்லாம் வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்திருந்தார். அதே நட்சத்திர வடிவத்தைப் பிற்பாடு அமெரிக்கக் காடுகளில், இடிமழைக்குப் பின் விழுந்த மரங்களில் பார்த்தார். 1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் தரையிறங்கவிருந்த ஈஸ்டர்ன் 66 விமானம் நொறுங்கி 113 பேர் இறந்ததற்கு இந்தக் கீழ்நோக்கிய காற்றே காரணம் என்று வாதிட்டார். சக ஆய்வாளர்கள் பலர் நம்பவில்லை. 1978இல் சிகாகோ அருகே ரேடார்களை நிறுத்தி அளந்தபோது அவர் சொன்னது சரியென்று ஆனது.

ஃபுஜிடாவின் முறையை நம் தோட்டத்திலேயே செய்து பார்க்கலாம். மறுநாள் காலை, விழுந்த மரங்களின் திசையைப் பாருங்கள். வாழையும் சில்வர் ஓக்கும் எல்லாம் ஒரே பக்கமாகவோ விசிறிபோல் விரிந்தோ சாய்ந்திருந்தால் டவுன்பர்ஸ்ட். ஒரு குறுகிய பட்டையில், ஒன்றுக்கொன்று எதிராக, குறுக்கும் நெடுக்குமாக விழுந்து, பட்டைக்கு வெளியே எதுவும் அசையாமல் நின்றால் சுழல். கோபிசெட்டிபாளையத்திலும் தேனியிலும் கோடைக்குக் கோடை வாழைத்தோட்டங்களைச் சாய்க்கும் சூறைக்காற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால், முதல் வகைதான் பெரும்பாலும் தென்படும்.

இனி கொட்டகைக்கு வருவோம். மாடு சாவது காற்றால் அல்ல, கூரையால்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் போல் ஏறும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. பொறியாளர்களின் சூத்திரப்படி, நொடிக்கு 33 மீட்டர் காற்று சதுர மீட்டருக்கு 650 நியூட்டன் அழுத்தும். கிலோவில் சொன்னால் ஏறத்தாழ 65. பத்தடி நீளம், மூன்றரை அடி அகலமுள்ள தகர ஷீட் ஒன்றின் பரப்பு 3.25 சதுர மீட்டர். அதைத் தூக்க முயலும் விசை 200 கிலோவுக்கு மேல். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த ஷீட்டின் எடையோ சுமார் 13 கிலோ. ஓரங்களிலும் முகட்டிலும் இழுவிசை இதைவிடக் கூடும். மூன்று பக்கம் சுவர் வைத்து ஒரு பக்கம் திறந்துவிட்ட கொட்டகை என்றால், திறந்த வாயில் நுழைந்த காற்று உள்ளிருந்தும் கூரையை மேலே தள்ளும். நம் ஊரில் மாட்டுக் கொட்டகைகளில் பாதிக்கு மேல் இந்த அமைப்புதான் என் கண்ணில் பட்டிருக்கிறது.

எந்தப் பக்கம் திறந்து வைக்கலாம் என்று கேட்டால் பதில் இல்லை. டவுன்பர்ஸ்ட் விழும் இடத்தைப் பொறுத்து காற்று எந்தத் திசையிலிருந்தும் வரும்.

தகரத்தின் மேல் கல் வைப்பது நம் பழக்கம். பழைய டயரும் உண்டு. பத்துப் பத்துக் கிலோவில் ஐந்து கல் வைத்தாலும் 50 கிலோதான். தூக்கும் விசை 200 கிலோ. ஷீட் எப்படியும் போகும். போகிற போக்கில் கல்லை மாட்டின் முதுகில் இறக்கிவிட்டுப் போகும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கனம் என்பதால் பறக்காது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தகரத்தைப்போல் மூன்று மடங்கு கனம், உண்மைதான். அந்த எடையும் போதாது. அது உடைந்து துண்டுகளாக விழும் என்பதுதான் கூடுதல் தொல்லை.

வேலை செய்வது இணைப்புகள். ஷீட்டைக் குறுக்குச் சட்டத்தோடு பிடிக்கும் ஜே போல்ட், சட்டத்தைத் தூணோடு பிடிக்கும் இணைப்பு, தூணைத் தரையோடு பிடிக்கும் கான்கிரீட். இந்த மூன்றில் எது பலவீனமோ அங்கே பிய்யும். ஓர ஷீட்டுகளிலும் முகட்டிலும் போல்ட்டுகளை நெருக்கமாகப் போட வேண்டும். மாட்டுக் கொட்டகையில் இன்னொரு எதிரி உண்டு: மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா. ஈரத்தோடு சேர்ந்து துத்தநாகப் பூச்சைத் தின்று, போல்ட்டின் கழுத்தைத் துருவாக்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் வாஷர் பளபளவென்று இருக்கும்; உள்ளே கழுத்து பென்சில் முனைபோல் தேய்ந்திருக்கும்.

காற்று வருவதை எவ்வளவு முன்னால் அறியலாம்? எலஹங்காவில் இருக்கும் கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் கிராமப் பஞ்சாயத்து அளவுக்கு மழைமானிகள் வைத்திருக்கிறது. மின்னல் எச்சரிக்கைக்கு ‘சிடிலு’ என்ற செயலியும் உண்டு. புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி நாடெங்கும் வேலை செய்யும். மேகத்தின் உள்ளே காற்று எப்படி விழுகிறது என்பதைக் காட்ட டாப்ளர் ரேடார் வேண்டும். சென்னையில் 2002 முதல் டாப்ளர் ரேடார் உண்டு. ஆனால் அதன் கதிர் நேர்கோட்டில் போகும், பூமி வளைந்து கீழே இறங்கும். 290 கிலோமீட்டர் தாண்டி பெங்களூருக்கு வரும்போது கதிர் தரையிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். கீழே நடப்பது அதற்குத் தெரியாது. பெங்களூருக்கு அருகிலேயே ஒரு ரேடார் வேண்டும் என்ற பல ஆண்டுக் கோரிக்கைக்கு இந்த வளைவே போதுமான காரணம்.

கையில் இருப்பது கண்ணும் காதும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 24 நொடி என்றால் எட்டுக் கிலோமீட்டர். காற்றின் முகப்பு மணிக்கு 50 கிலோமீட்டரில் நகர்ந்தால் பத்து நிமிடத்துக்குள் வந்து சேரும். அதுவரை வீசிய சூட்டுக்காற்று சட்டென்று நின்று, எதிர்ப்பக்கத்திலிருந்து புழுதியோடு குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தால் அந்தப் பத்து நிமிடமும் முடிந்துவிட்டது. மாடு முன்கூட்டியே சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது என்பதில்தான் உண்மையான சிக்கல். ஆடும் கோழியும் எளிது. வீட்டுக்குள் ஓட்டிவிடலாம், வீடு நாறினால் மறுநாள் கழுவிக்கொள்ளலாம். கறவை மாடு அப்படியல்ல. காற்றை மட்டும் நினைத்தால், பலவீனமான தகரக் கொட்டகையில் கட்டிப் போடுவதைவிட வெட்டவெளியில் அவிழ்த்துவிடுவது மேல். கட்டுத்தறியில் நிற்கிற மாடு இடிபாட்டிலிருந்து தப்பவே முடியாது. அமெரிக்கப் பண்ணைகளில் டொர்னேடோவுக்குச் சொல்லும் அறிவுரையும் அதுதான். ஆனால் அங்கே மேய்ச்சல் நிலம் பெரிது. இங்கே அரை ஏக்கர் தாண்டினால் சாலை, லாரி, மின்கம்பி. மின்னலை நினைத்தால் கதை இன்னும் மாறுகிறது.

மின்னல் தரையில் விழுந்ததும் மின்னோட்டம் மண்ணில் நாலாபக்கமும் பரவும். தள்ளிப்போகப் போக மின்னழுத்தம் குறையும். மனிதனின் இரண்டு பாதங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அவற்றுக்கு இடையே அழுத்த வேறுபாடு சிறிது. மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி; ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும் மின்சாரம் நெஞ்சைக் கடந்துதான் போக வேண்டும். மரத்தடியில் ஒண்டிய மாடுகள் கூட்டமாகச் சாவதற்கு இதுவே காரணம். 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹர்தாங்கர்விட்டா பீடபூமியில் ஒரே இடிமழையில் 323 கலைமான்கள் செத்துக் கிடந்தன.

காற்று வெளியே போ என்கிறது, மின்னல் உள்ளே வா என்கிறது. என் தீர்ப்பு இது: கொட்டகையின் போல்ட்டும் தூணும் உறுதி என்று உங்களுக்குத் தெரிந்தால் மாடு உள்ளேயே இருக்கட்டும். தெரியாவிட்டால், இடி நெருங்குவதற்கு முன்பே, மரமும் கம்பி வேலியும் மின்கம்பியும் இல்லாத திறந்த இடத்துக்கு ஓட்டிவிடுங்கள். புளியமரத்தடியில் கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது. எப்படியிருந்தாலும் தாம்புக்கயிற்றில் ஒரு இழுப்புக்கு அவிழும் முடிச்சு இருக்க வேண்டும். காற்று அடிக்கத் தொடங்கியபின் மாட்டைத் தேடிப் போகக் கூடாது. பறக்கும் தகரத்துக்கு ஆள், மாடு என்ற பேதம் கிடையாது.

காற்று ஓய்ந்த பின்னும் ஆபத்து தீரவில்லை. அறுந்து கிடக்கும் கம்பிக்குப் பக்கத்துக் குட்டையில் மாட்டை இறக்காதீர்கள். மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் 1912க்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அதைவிடச் சத்தமில்லாத ஆபத்து தீவனத்தில் இருக்கிறது. மாடு மென்று விழுங்கும் பிராணியல்ல. முதலில் விழுங்கிவிட்டுப் பிறகுதான் அசைபோடும். கூரை பிய்ந்தபோது சிதறிய ஆணியும் கம்பித் துண்டும் வைக்கோலோடு உள்ளே போய் இரண்டாம் இரைப்பையில் தங்கும். அதற்கு முன்னால், உதரவிதானத்துக்கு அந்தப் பக்கம்தான் இதயம். சில நாளோ சில வாரமோ கழித்து ஆணி அதைத் துளைக்கும்போது, மாடு ஏன் முதுகை வளைத்து நிற்கிறது, பால் ஏன் வற்றியது என்று யாருக்கும் புரியாது. காற்றடித்த நாளை எல்லாரும் மறந்திருப்பார்கள். கொட்டகையைச் சுற்றி ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு நடந்தால் பெரும்பகுதி ஆணி ஒட்டிக்கொள்ளும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு எண் 1962. காதில் 12 இலக்கத் தோடு இல்லாத மாடு தொலைந்தால் மீட்பதும் கடினம், இறந்தால் காப்பீடு கேட்பதும் கடினம்.

நிவாரணத் தொகையையும் சொல்லிவிடுகிறேன். 2022 முதல் 2026 வரைக்கான மாநிலப் பேரிடர் நிதி விதிகளின்படி இறந்த கறவைப் பசுவுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. வீட்டை ஒட்டிய மாட்டுக் கொட்டகைக்கு 3,000. ஆலங்கட்டி மழை தேசியப் பட்டியலில் இருக்கிறது. வெறும் சூறைக்காற்று இல்லை, அதை மாநிலம் தானாக அறிவித்தால்தான் உண்டு. பசு செத்த பிறகு 37,500 கொடுக்கும் அரசு, அதைக் கொல்லும் கூரைக்கு முன்கூட்டி 3,000 கொடுத்து போல்ட் மாற்றச் சொன்னால் கணக்கு யாருக்கு லாபம் என்று கருவூலத்தில் இருப்பவர்களே போட்டுப் பார்க்கட்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கமும் இதே மேகம்தான், இதே தகரம்தான். தமிழக அரசுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்கள், மார்ச் பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறுங்கள். ஓர ஷீட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடுவதை அன்றே மாற்றுங்கள். கல்லையும் டயரையும் கீழே இறக்கிவிடுங்கள்.